நீரிழிவு: வகை அறிந்து வைத்தியம்

சர்க்கரை வியாதி கண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லக் கேட்டு வீடு திரும்பும் நம் அங்கத்தினர்களை, வீட்டாரும் அண்டை அயலாரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "எவ்வளவு இருக்கிறது?" இருநூறா, முந்நூறா என்று தெரிந்துகொண்டு, அவரவர்க்குத் தெரிந்த பத்தியத்தையும் கஷாயத்தையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அளவைக் கேட்பதில் குற்றமில்லை. ஆயினும் அதனினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. வந்திருக்கும் நீரிழிவு எந்த வகையைச் சேர்ந்தது என்பதே அக்கேள்வி. அதைப் பற்றி இக்கட்டுரையில் சற்று விரிவாக எழுதக் கருதுகிறோம்.

ஒரே தெருவில், ரத்தத்தில் ஒரே அளவு சர்க்கரையுடன் இருவர் இருக்கலாம். ஒருவர் வேளைக்கு ஒரு மாத்திரை, மாலையில் அரைமணி நடை, சோற்றில் இரண்டு கவளம் குறைவு என்றிருந்தே இருபது ஆண்டுகள் தறி நெய்யலாம். மற்றவருக்கோ இன்சுலின் ஊசியைச் சில நாட்கள் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. முன்னவருடைய மருந்துச் சீட்டைப் பின்னவர் வாங்கிச் சென்று, கடையில் காட்டி மாத்திரை வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் சர்வசாதாரணமாக இருக்கிறது. அது ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போய்ப் பெரிய டாக்டரிடம் எழுதி வாங்கிய சீட்டு என்றால், தெருவில் அதற்கு மதிப்பு இன்னும் அதிகம். வகை வேறு என்றால் மருந்தும் வேறு என்பது தெரிந்திருந்தால், இந்தக் கைமாற்றுக்கு யாரும் துணியமாட்டார்கள்.

முதலில், வியாதி இருக்கிறது என்பதை எவ்வாறு தீர்மானிக்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வெறும் வயிற்றில் எடுத்த 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருத்தல். 75 கிராம் குளுகோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல் இருத்தல். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையில் 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருத்தல். இம்மூன்றில் ஒன்று இருந்தாலும் நீரிழிவு எனலாம். தாகம், அடிக்கடி சிறுநீர், இளைப்பு முதலிய அறிகுறிகள் இல்லாதவருக்கு மறுபடியும் ஒருமுறை பரிசோதித்தே உறுதிசெய்வார்கள். அறிகுறிகள் தெளிவாக உள்ளவருக்கு எந்நேரத்தில் எடுத்த ரத்தத்திலும் 200-ஐத் தொட்டால் போதும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு எச்.பி.ஏ.1சி கணக்குத் தவறாகக் காட்டக்கூடும். நம் பெண்மக்களில் பலருக்கு ரத்தசோகை உண்டு. ஆகையால் அவர்கள் அந்த ஒரு பரிசோதனையை மட்டும் நம்பியிராமல், வெறும் வயிற்று அளவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நலம்.

இந்த எண்கள் எல்லாம் வியாதி உண்டு என்பதைச் சொல்லும். எந்த வகை என்பதைச் சொல்லமாட்டா. அதற்கு உடம்பின் உள்ளே நடப்பதை அறியவேண்டும்.

வாய்க்கால் பாசனம் செய்யும் விவசாயி, பயிர் வாடுவதைக் கண்டால் இரண்டு இடங்களைப் பார்ப்பார். அணையிலேயே நீரில்லையா, அல்லது நீர் வந்தும் மடை அடைத்துக்கொண்டதா? இரண்டிலும் வாட்டம் ஒன்றுபோலவே தோன்றும், பரிகாரம் வேறு. நாம் உண்ணும் கேழ்வரகுக் களியும் சோறும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரை தசைகளுக்குள் புகுந்து பலமாக மாறுவதற்கு இன்சுலின் என்னும் சுரப்பு வேண்டும். வயிற்றின் பின்புறத்தில் இருக்கும் கணையம் அதைச் சுரக்கிறது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் அணுக்களை, நோய்க்கிருமிகளோடு போராடவேண்டிய உடம்பின் சொந்தப் பாதுகாப்புப் படையே ஆள் தெரியாமல் அழித்துவிடுவது முதல் வகை. இது அணை வற்றியது போன்றது. இன்சுலின் சுரந்தும் தசையும் கல்லீரலும் அதன் சொல்லைக் கேளாமலிருப்பது இரண்டாம் வகை. இது மடை அடைத்தது போன்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டாம் வகையிலும் கணையம் உழைத்துக் களைத்துச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அப்பொழுது அவர்களுக்கும் இன்சுலின் ஊசி வேண்டிவரலாம். ஊசி போடுகிறவர் எல்லாரும் முதல் வகையினர் அல்லர் என்பதை இங்கே குறித்துக்கொள்ளவேண்டும்.

இந்த வேற்றுமையை நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் அறியாதவர்கள் அல்லர். சுசுருத சம்ஹிதை பிரமேக நோயைக் கூறுமிடத்தில், பிறவியோடு வருவது என்றும் தகாத உணவினால் வருவது என்றும் இரண்டாகப் பிரித்து, முன்னதை உடையவர் மெலிந்தவர் என்றும் பின்னதை உடையவர் பருத்தவர் என்றும் கூறுகிறது. மேல்நாட்டில் 1921-ஆம் ஆண்டு டொராண்டோ நகரில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஜனவரியில் லெனார்டு தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதன் பிறகே, எல்லா நோயாளிகளிடமும் இன்சுலின் ஒரே விதமாக வேலை செய்வதில்லை என்பது புலப்படலாயிற்று. 1936-ல் லண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்னும் டாக்டர், இன்சுலினுக்கு எளிதில் கட்டுப்படுவோர், கட்டுப்படாதோர் என நோயாளிகளை இரு பிரிவாக்கிக் காட்டினார். நம் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1948-ல் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். இத்தனைக்குப் பிறகும் வகை பார்த்தல் என்பது பொதுமக்களிடையே பரவவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிடுகிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர். பெற்றோருக்கு இருத்தல், இடுப்புச் சுற்றளவு மிகுதல், உடலுழைப்புக் குறைதல் ஆகியவை இதன் துணைகள். இது மெல்ல வரும். பலருக்குக் காலில் ஆறாத புண்ணோ கண் மங்கலோ ஏற்பட்ட பின்புதான் தெரியவரும். மாம்பழத்தால் வந்தது என்று நம் ஊரில் சொல்லக் கேட்கிறோம். கிருஷ்ணகிரி மாம்பழம், ஏற்கெனவே ஏறியிருக்கும் சர்க்கரையை இன்னும் ஏற்றும் என்பது மெய். ஒரு பருவத்தில் தின்ற பழம் நீரிழிவை உண்டாக்கிவிட்டது என்பது பழத்தின்மேல் வீண்பழி. அதேபோல் கேழ்வரகுக் களி எவ்வளவு உண்டாலும் சர்க்கரை ஏறாது என்பதும் சரியன்று. களியும் மாப்பொருளே, அளவு வேண்டும்.

முதல் வகையைப் பற்றி நாம் சற்று நின்று பேசவேண்டும். ஏனெனில் தவறினால் உயிரிழப்பு நேர்வது இங்கேதான். நன்றாக ஓடியாடிய பிள்ளை சில வாரங்களில் இளைத்துப் போகிறது. இரவில் பலமுறை எழுந்து சிறுநீர் கழிக்கிறது. படுக்கையை நனைக்காதிருந்த பிள்ளை மறுபடியும் நனைக்கத் தொடங்குகிறது. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது. வெயில் காலம் என்று வீட்டார் இருந்துவிடுகிறார்கள். பிறகு வயிற்று வலி, வாந்தி, ஆழ்ந்து இழுக்கும் மூச்சு, மூச்சில் பழுத்த பழத்தின் வாடை. வயிற்றுக் கோளாறு என்று எண்ணி வேறு வைத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே பிள்ளை மயக்கத்தில் ஆழ்ந்துவிடும். இன்சுலின் இல்லாத உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த இயலாமல் கொழுப்பைக் கரைத்து எரிக்கிறது. அதனால் கீட்டோன் என்னும் புளிப்புப் பொருள் ரத்தத்தில் நிறைந்து இந்நிலை வருகிறது. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. சிறுநீரில் கீட்டோனைக் காட்டும் காகிதப் பட்டையும் விலை மலிந்தது. இளைத்து, தாகமெடுத்து, வாந்தியெடுக்கும் எந்தப் பிள்ளைக்கும் அன்றைக்கே இவ்விரண்டையும் பார்க்கும்படி டாக்டரைக் கேட்பது பெற்றோரின் கடமை.

இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில் அப்பிள்ளை தேறிவிடும். சிலருக்கு ஊசியின் அளவு வரவரக் குறைந்து, மிகச் சிறிய அளவே போதும் என்ற நிலையும் வரும். அழியாமல் எஞ்சிய சில அணுக்கள் இளைப்பாறி மறுபடியும் சிறிது சுரப்பதனால் இது நிகழ்கிறது. சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரை நீடிக்கும். வீட்டார் இதைக் கண்டு நோய் தீர்ந்தது என்று மகிழ்கிறார்கள். அந்தச் சமயத்தில் யாரேனும் ஒருவர் வந்து, "ஊசி பழகிவிடும், விடமுடியாமல் போய்விடும், இந்தச் சூரணத்தைக் கொடுத்துப் பார்" என்கிறார். ஊசி நிற்கிறது. முதல் சில வாரங்கள் ஒன்றும் நேராததனால் சூரணத்துக்குப் பெயர் கிடைக்கிறது. பிறகு வரும் விபரீதத்தை நாம் எழுதவேண்டியதில்லை. முதல் வகைக்கு இன்சுலினைத் தவிர வேறு மருந்து இன்றுவரை இல்லை. உடம்பு சுரந்துகொண்டிருந்த ஒன்றை வெளியிலிருந்து தருகிறோம்; இதில் பழக்கம் என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

இது சிறுபிள்ளைகளின் நோய்தானே, நாற்பது வயது ஆனவருக்கு என்ன என்று கேட்கலாம். பலரும், சில டாக்டர்களும்கூட, அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். பிரிட்டனில் பெரியதொரு மக்கள் தொகுதியின் பரம்பரைக் கூறுகளை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு, அறுபது வயதுக்குள் முதல் வகை கண்டவர்களில் 100-க்கு 42 பேருக்கு முப்பது வயது கடந்த பின்பே அது தோன்றியது என்று காட்டியது. அந்நாட்டின் உள்துறை அமைச்சராக இருந்து பின்னர் 2016-ல் பிரதமரான தெரேசா மே அம்மையாருக்கு 2012 நவம்பரில் நீரிழிவு தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 56. வயதை வைத்து இரண்டாம் வகை என்று எண்ணி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை பலிக்கவில்லை. மறுபடி ஆராய்ந்தபோதுதான் அது முதல் வகை என்று தெரிந்து இன்சுலின் தொடங்கினார்கள். பெரிய நாட்டின் அமைச்சருக்கே இவ்வாறு நேர்ந்தது என்றால், தறிக்குழியிலிருந்து எழுந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவருக்கு நேர்வதில் வியப்பென்ன? பெரியவர்களில் சிலருக்கு இந்த அழிவு மிக மெதுவாக நடப்பதனால், முதல் சில மாதங்கள் மாத்திரைக்குக் கட்டுப்பட்டதுபோல் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டும், பத்தியம் காத்தும், எடை குறைந்துகொண்டே வந்து சர்க்கரை இறங்காதவர்கள், "என் வகையை மறுபடி பாருங்கள்" என்று கேட்கத் தயங்கவேண்டாம்.

நிற்க. மெலிந்தவரைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. அது நமக்கு மிக அருகிலிருந்து வந்த செய்தி. உண்ண உணவு போதாமல் வளர்ந்த ஏழைகளிடையே, உடல் மெலிந்து, முப்பது வயதுக்குள்ளாகவே நீரிழிவு வருவதை உலகின் பல பாகங்களிலும் கண்டிருக்கிறார்கள். 1955-ல் ஜமைக்காத் தீவில் இதனைத் தனியாகக் குறித்தார்கள். 1985-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கு ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு என்று தனிப்பெயர் கொடுத்தது. பிறகு, ஊட்டக்குறைவுதான் காரணம் என்பதற்குப் போதிய சான்று இல்லையென்று 1999-ல் அதே ஸ்தாபனம் அப்பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பெயரை எடுத்ததனால் நோயாளிகள் இல்லாமற் போய்விடவில்லை. அவர்கள் சிலகாலம் முதல் வகையென்றும் சிலகாலம் இரண்டாம் வகையென்றும் எழுதப்பட்டு வந்தார்கள்.

இங்கிருந்து சென்னை நெடுஞ்சாலையில் சில மணி நேரத்தில் சேரக்கூடிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் நிஹால் தாமஸ் முதலானவர்களும், நியூயார்க்கிலுள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மெரிடித் ஹாக்கின்ஸும் சேர்ந்து, இத்தகைய மெலிந்த ஆண்களை நுட்பமாகச் சோதித்து 2022-ல் தம் முடிவை வெளியிட்டார்கள். இவர்களுக்கு இன்சுலின் சுரப்பு மிகக் குறைவு. ஆனால் சுரக்கும் இன்சுலினை உடம்பு நன்றாகவே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே இரண்டாம் வகை அன்று. பாதுகாப்புப் படை தாக்கிய அடையாளமும் இல்லை. கீட்டோன் மயக்கமும் எளிதில் வருவதில்லை. ஆகவே முதல் வகையும் அன்று. 2025 ஜனவரியில் வேலூரில் கூடிய அறிஞர்கள் இதற்குத் தனி இடம் வேண்டுமென்று அறிக்கை விடுத்தார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதனை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. உலகில் இரண்டு கோடி முதல் இரண்டரைக் கோடி பேர் வரை இவ்வகையினர் இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பு. ஆராய்ச்சியாளர் அனைவரும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. இதற்கென வரையறுத்த சிகிச்சை முறையும் இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. (இரண்டுக்குப் பின் ஐந்து எப்படி வந்தது என்று கணக்கில் கெட்டிக்காரர்கள் கேட்கக்கூடும். பழைய பட்டியலில் பிற காரணங்களால் வருபவை மூன்றாம் இடத்திலும், கர்ப்ப காலத்தில் வருவது நான்காம் இடத்திலும் வைக்கப்பட்டிருந்தன.)

பெயரைப் பற்றிய வழக்கை அறிஞர்களுக்கே விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது வேறு. வேலை இல்லாத மாதங்களில் நெசவாளியின் வீட்டிலும், மழை பொய்த்த ஆண்டில் மானாவாரி விவசாயியின் வீட்டிலும் ஒரு வேளை அடுப்பு எரிவதே பாடாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு இந்த நோய் வந்தால், "சோற்றைக் குறை, எடையைக் குறை" என்ற வழக்கமான உபதேசம் தீமையே செய்யும். அவருக்கு வேண்டியது பருப்பும் முட்டையும் பாலும் உள்ள போதிய உணவு. இன்சுலினை இவர்கள் உடம்பு எளிதில் ஏற்பதனால், அளவு சிறிது மிஞ்சினாலும், ஊசி போட்டபின் உண்ணாமல் இருந்தாலும், சர்க்கரை திடீரென்று மிகத் தாழ்ந்து மயக்கம் வரும். ஆகையால் உடம்பின் எடையையும், கடந்த ஓராண்டில் எவ்வளவு குறைந்தது என்பதையும், நாளைக்கு எத்தனை வேளை உணவு நிச்சயம் என்பதையும் கூச்சமின்றி டாக்டரிடம் சொல்லவேண்டும். வறுமையைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தால், மருந்தின் அளவு தவறும்.

மெலிந்தவர்களிடையே காணும் மற்றொன்று கணையத்தில் கல் விழுவதால் வருவது. சிறுவயதிலிருந்தே மேல்வயிற்றில் விட்டுவிட்டு வலி, முதுகுவரை பாய்தல், எண்ணெய்ப் பசையுடன் மிதக்கும் மலம், பின்னர் இளமையிலேயே நீரிழிவு என்பது இதன் போக்கு. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இத்தகைய நோயாளிகளை ஏராளமாகக் கண்டு எழுதினார். மரவள்ளிக் கிழங்கிலுள்ள நச்சுப்பொருளே காரணம் என்று ஒரு காலத்தில் வலுவாக நம்பினார்கள். அது நிரூபணமாகவில்லை, பரம்பரைக் கூறு ஒன்று சிலரிடம் காணப்பட்டிருக்கிறது. மரவள்ளி பயிரிடும் நம் அங்கத்தினர்கள் இதனால் மனம் கலங்கவேண்டியதில்லை. வயிற்றை எக்ஸ்ரே எடுத்தாலோ ஸ்கேன் செய்தாலோ கல் தெரிந்துவிடும். இவர்களுக்குப் பெரும்பாலும் இன்சுலினும், உணவு செரிப்பதற்கான கணையச் சுரப்பு மாத்திரையும் சேர்த்து வேண்டியிருக்கும். நீண்டகாலம் மது அருந்தியவருக்கும் கணையம் இவ்வாறே கெடும். அதையும் டாக்டரிடம் ஒளிக்கலாகாது.

குடும்ப வகை என்று சொல்லத்தக்கது ஒன்றும் உண்டு. பாட்டனார், தகப்பனார், பிள்ளை என்று மூன்று தலைமுறையிலும் இருபத்தைந்து வயதுக்குள், பருமனும் இல்லாமல் நீரிழிவு தொடர்ந்து வருமாயின், ஒரே ஒரு பரம்பரைக் கூறின் பிழை காரணமாக இருக்கலாம். இவர்களில் ஒரு சாராருக்கு ஊசி தேவையின்றிப் பழைய, மலிவான மாத்திரை வகை ஒன்றே நன்றாக வேலை செய்யும். இன்னொரு சாராருக்குச் சர்க்கரை சற்றே உயர்ந்து நிற்குமேயன்றி மருந்தே வேண்டியதில்லை. பிறந்து ஆறு மாதத்துக்குள் நீரிழிவு கண்ட குழந்தைகளுக்கும் இத்தகைய பரம்பரைச் சோதனை கட்டாயம் செய்யவேண்டும். அவர்களுள் பலரை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றமுடியும் என்பது 2006-லேயே நிறுவப்பட்டுவிட்டது. முப்பது வயதுக்குள் நோய் கண்டு, குடும்பத்தில் தலைமுறைதோறும் இருப்பவர்கள் சென்னை போன்ற நகரங்களிலுள்ள நிபுணரை ஒருமுறை பார்ப்பது பயனுள்ள செலவு.

கர்ப்பிணிகளுக்கு வருவதை எல்லாரும் அறிவர். தமிழ்நாட்டில் டாக்டர் வி. சேஷையா அவர்களின் முயற்சியால் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் குளுகோஸ் கொடுத்துப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. இரண்டு மணி நேரத்தில் 140-ஐத் தொட்டால் கவனிக்கிறார்கள். பிரசவத்தோடு இது பெரும்பாலும் மறையும். மறைந்ததென்று இருந்துவிடாமல் ஆறு வாரம் கழித்து மறுபடியும், பிறகு ஆண்டுக்கொருமுறையும் பார்த்துக்கொள்ளவேண்டும். பிற்காலத்தில் இரண்டாம் வகை வருவதற்கு இது முன்னறிவிப்பு. ஆஸ்துமாவுக்கும் மூட்டு வலிக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகளாலும் சர்க்கரை ஏறும். அம்மருந்துகளை உட்கொள்வோர் அதைச் சொல்லவேண்டுமேயன்றி, தாமாகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது.

சரி, வகையை அறிய என்ன பரிசோதனை? ஐம்பது வயதில், பருத்த இடுப்புடன், பெற்றோருக்கும் இருந்து, மெல்ல வந்த நோய்க்குத் தனிப் பரிசோதனை ஒன்றும் வேண்டாம். டாக்டரின் அனுபவமே போதும். சந்தேகம் எழும் இடங்களில்தான் பரிசோதனை: முப்பத்தைந்து வயதுக்குள் வந்தது, மெலிந்தவருக்கு வந்தது, வேகமாக இளைக்கச் செய்தது, கீட்டோன் கண்டது, மாத்திரைக்குக் கட்டுப்படாதது ஆகியவை. பாதுகாப்புப் படை கணையத்தைத் தாக்கியதா என்பதை ஜி.ஏ.டி. எதிர்ப்பொருள் முதலிய ரத்தப் பரிசோதனைகள் காட்டும். உண்டு என்று வந்தால் முதல் வகை என்பதற்கு நல்ல சான்று. இல்லை என்று வந்தால் முதல் வகை இல்லையென்று உடனே முடிவு கட்டலாகாது. மற்றொன்று சி-பெப்டைடு. கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது அதற்குச் சமமாக இப்பொருளும் வெளிவருகிறது; வெளியிலிருந்து போடும் ஊசி மருந்தில் இது இல்லை. ஆகையால் ஊசி போட்டுக்கொண்டிருப்பவரின் சொந்தச் சுரப்பு எவ்வளவு என்பதையும் இதைக் கொண்டு அறியலாம். நெசவுக்கூடத்தில் வெளியில் வாங்கிய நூல் எது, சொந்த ராட்டையில் நூற்றது எது என்று பிரித்தறிவது போல என்று கொள்ளலாம்.

சி-பெப்டைடு பரிசோதனையில் கவனிக்கவேண்டியது காலம். நோய் கண்ட முதல் வாரத்தில், சர்க்கரை நானூறு, ஐந்நூறு என்று இருக்கும்போது, எந்தக் கணையமும் திகைத்துச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அப்போது எடுத்த அளவு குறைவாக வந்து, இரண்டாம் வகையினரையும் முதல் வகைபோல் காட்டும். முதல் வகையினருக்கோ, முன்னே சொன்ன இளைப்பாறும் மாதங்களில் எடுத்தால் ஓரளவு நன்றாகவே வரும். ஆகவே சில வாரம் சர்க்கரையைக் கட்டுப்படுத்திய பின் எடுப்பது நலம். சந்தேகம் தீராவிட்டால் மூன்று ஆண்டு கழித்து எடுக்கும் அளவே நம்பத்தக்கது. பணம் செலவழித்து எடுத்த பரிசோதனை என்பதற்காக முதல் சீட்டையே சாசனமாகக் கொள்ளவேண்டியதில்லை.

முடிவு தெரியும்வரை என்ன செய்வது என்பதில் டாக்டர்கள் ஒருமித்த கருத்துடையவர்கள்: சந்தேகம் இருந்தால் இன்சுலினை நிறுத்தக் கூடாது. இரண்டாம் வகையினருக்குச் சில மாதம் ஊசி போட்டதனால் நிலையான கேடு ஒன்றுமில்லை. பிறகு மாத்திரைக்கு மாறலாம். முதல் வகையினருக்கு ஊசியை மறுத்தால் மாற்றிக்கொள்ள அவகாசம் இராது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரைகள் இப்போது மலிந்து வருகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை என்று பலருக்குக் கொடுக்கிறார்கள். இன்சுலின் சுரப்பு இல்லாதவர் அடுத்த வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி இதை வாங்கி உட்கொண்டால், ரத்தத்தில் சர்க்கரை அதிகம் ஏறாதிருக்கும்போதே கீட்டோன் மயக்கம் வந்துவிடும். கருவியில் எண்ணைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துபோவார்கள்.

வீடு தேடி மாத்திரை கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளிக் கிராமத்தில்தான் தொடங்கப்பட்டது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ள எத்தனையோ முதியோருக்கு இது பேருதவி. ஆனால் வீட்டு வாசலில் மாத்திரை வந்துவிடுவதனால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதிருப்பவர்களும் உண்டு. மாத்திரை தருகிற ஊழியர் வகையைத் தீர்மானிப்பவர் அல்லர். எடை குறைவதையும் சர்க்கரை இறங்காமலிருப்பதையும் அவரிடம் சொன்னால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிப்பார். அங்கிருந்து கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கோ, ஓசூர் அரசு ஆஸ்பத்திரிக்கோ எழுதி வாங்கிக்கொண்டு போகலாம்.

போகும்போது ஒரு காகிதத்தில் இவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: நோய் தெரிந்த தேதி, அன்றைய சர்க்கரை அளவு, அப்போது இருந்த எடை, ஓராண்டுக்கு முன் இருந்த எடை, கீட்டோன் பார்த்தார்களா, வயிற்று வலி எப்போதேனும் இருந்ததா, குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் வந்தது, வேறு என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்பவை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சங்க ஆபீசில் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். தெலுங்கோ கன்னடமோ பேசும் அங்கத்தினர்களுக்கு அம்மொழியிலேயே கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்தால் டாக்டருக்கும் வேலை எளிதாகும். அக்காகிதத்தின் அடியில், "எனக்கு எந்த வகை?" என்று எழுதி, விடைக்குச் சற்று இடமும் விட்டுவையுங்கள்.